இரண்டு நாள் கெடு

அப்பு,

நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை உன் ஏர்மெயில் வந்தது. உனக்குப் பதவி உயர்வு, கம்பெனியில் தனி அறை, பங்குனியில் ஊருக்கு வந்து கல்யாணம். மூன்றும் நல்ல சேதி. வேறு சமயமாக இருந்தால் மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில் நாலு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு வாயைத் திறக்கத் தோன்றவில்லை. புதுப் பதவியில் உனக்கு முதல் வேலை, உன் பிரிவில் இருக்கிறவர்களில் நாற்பத்து மூன்று பேரை வீட்டுக்கு அனுப்புவது. யார் யார் என்று நீயே பட்டியல் எழுத வேண்டும். அதைத் தை பிறப்பதற்குள் கொடுக்க வேண்டும். "கஷ்டமான வேலைதான் அம்மா, ஆனால் இந்த ஜனாதிபதி வந்த பிறகுதான் இப்படி முடிவெடுக்கிற தைரியமே இந்த நாட்டுக்கு வந்தது" என்று எழுதியிருக்கிறாய்.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. உன் வயதுப் பையன்கள் இங்கே போடியிலும் உன்னைப் போலவே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஆகவே யார் கேட்டாலும் இதைப் படிக்கக் கொடுக்கப் போகிறேன். இதில் உன் மானம் போகிற மாதிரி எதுவும் இல்லை. போனால் என் மானம்தான் போகும்.

உங்கள் ஜனாதிபதி தை மாதம் பதவியை விட்டு இறங்குகிறாராம். பேப்பரில் போட்டிருந்தது. எட்டு வருஷம் ஆண்டாயிற்று, போய் வரட்டும். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. ஒரு காலத்தில் மிகவும் பிடித்திருந்தது, அதனால்தான் இப்போது இவ்வளவு பிடிக்கவில்லை. நீ அங்கே போன புதிதில் ஒரு பத்திரிகையின் அட்டையைக் கிழித்து அனுப்பினாயே, அவர் பல் தெரியச் சிரிக்கிற படம், நினைவிருக்கிறதா? அதை மலையில், நம் தோட்டத்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். உன் அப்பா படம் சுவரில், இவர் படம் மேஜையில். தோட்டத்துக்குக் காய் எடுக்க வரும் பெண்களில் மூத்தவள் பேச்சியம்மா ஒருநாள் அதைக் குனிந்து பார்த்தாள்.

"இவுக யாரு ஆத்தா? தம்பிக்கு வேல போட்டுக் குடுத்தவுகளா?"

"அமெரிக்காவுக்கே அவருதான் பெரிய ஆளு."

"நல்லாத்தேன் சிரிக்கிறாக. எதுக்குச் சிரிக்கிறாகன்னு தெரியலயே" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கு அப்போது அவள் மேல் எரிச்சல் வந்தது. இப்போது யோசித்தால், அந்த எட்டு வருஷத்தைப் பற்றி அதைவிட நல்ல கேள்வியை நான் எந்தப் பேப்பரிலும் படிக்கவில்லை.

அவருடைய கொள்கையை நீ எனக்கு விளக்கி எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பணம் உள்ளவனுக்கு வரியைக் குறைத்தால் அவன் தொழிலைப் பெருக்குவான், தொழில் பெருகினால் மேலே நிரம்பியது கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும், கடைசியில் எல்லோரும் நனைவார்கள் என்று எழுதியிருந்தாய். நான் அதை நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், அந்தக் கணக்கில் மேலே இருப்பது நான். மேலே இருக்கிறவளுக்கு அது எவ்வளவு இனிப்பான பேச்சு தெரியுமா? நாம் நன்றாகச் சாப்பிடுவதே ஊருக்குச் செய்கிற உபகாரம் என்று ஒரு ஜனாதிபதியே சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? அதே வருஷம் இன்னொன்றும் எழுதினாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க, தக்காளி சாஸைக் காய்கறிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவருடைய அதிகாரிகள் யோசித்தார்கள், ஜனங்கள் சிரித்ததும் விட்டுவிட்டார்கள் என்று. நீயும் அதைச் சிரிப்பாகத்தான் எழுதியிருந்தாய். நானும் சிரித்தேன். சமையலறையில் நின்றுகொண்டு, பிள்ளை தட்டிலிருந்து கூட்டை எடுத்துவிட்டு ஒரு கரண்டி சாஸை ஊற்றுகிற ஆளின் மனசு எப்படிப்பட்டது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அன்றைக்கே அந்தப் படத்தை எடுத்து அடுப்பில் போட்டிருப்பேன். மறு வருஷம் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அத்தனை பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு போட ஆரம்பித்தபோது, "இதெல்லாம் ஜனங்களைச் சோம்பேறியாக்கும்" என்று சொன்னவளும் நான்தான்.

பிறகு அந்தப் பெரிய வறட்சி வந்தது. மலையில் ஏலச்செடி நின்ற நிலையிலேயே காய்ந்து கருகியதை உனக்கு எழுதியிருந்தேன். நம் செடி மட்டும் எப்படிப் பிழைத்தது என்று எழுதவில்லை. ஓடை நம் தோட்டத்தைத் தாண்டித்தான் கீழே போகிறது. நான் மணல் மூட்டை அடுக்கி அதை மறித்தேன், டீசல் எஞ்சின் வைத்து அத்தனை தண்ணீரையும் நம் செடிக்கே இறைத்தேன். நமக்குக் கீழே சின்னத் தோட்டம் வைத்திருந்த மலையாளத்துக்காரர் மூன்று தடவை ஏறி வந்தார். "சேச்சி, கொறச்சு வெள்ளம் தாழத்து விடணும்" என்று கீழே கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்டார். "எங்க செடி நனையட்டும், நனைஞ்சதும் விடுறேன்" என்றேன். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை அப்பு, விடத்தான் நினைத்தேன். ஆனால் தினம் சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி வரும்போது இன்னும் ஒரு வரிசை வாடியிருக்கிற மாதிரித்தான் கண்ணுக்குப் பட்டது. மேலே இருக்கிறவனுக்குத் தன் செடி நனைந்துவிட்டது என்று தோன்றுகிற நாள் வரவே வராது. அவர் தோட்டம் பட்டுப் போயிற்று, விற்றுவிட்டு மலை இறங்கிவிட்டார். உங்கள் ஜனாதிபதியின் பொருளாதாரத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டியதில்லை, அந்த ஓடைக்கரையில் நானே அதை நடத்தியிருக்கிறேன்.

இப்போது பேச்சியம்மாவுக்கு வருகிறேன். அவளை உனக்குத் தெரியும் என்று நீ நினைப்பாய், ஆனால் ஒரு விஷயம் தெரியாது. உன் அப்பா போனது எழுபதுகளில், ஐப்பசியில், காய் பழுத்துக் கிடந்த நேரம். நீ எட்டாம் வகுப்பு. பதினாறு நாள் நான் வாசற்படி தாண்டவில்லை, தோட்டம் என்று ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. அந்தப் பதினாறு நாளும் அந்தப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டிப் போய், கேட்க ஆளில்லாத தோட்டத்தில் காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டை கட்டி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். நம் தோட்டத்தில் ஒருத்திக்கு ஒரு நிரை என்பது உன் தாத்தா காலத்து ஏற்பாடு. ஒரு வரிசைச் செடி ஒருத்தி பொறுப்பு, வருஷா வருஷம் அவளுக்கே. ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. எல்லாம் ஒன்றாகப் பழுக்காது. பழுத்ததை மட்டும் கிள்ள வேண்டும், மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். எந்தச் செடியில் எந்தச் சரம் முந்தும், எது பிந்தும் என்று நிரைக்காரிக்குத்தான் தெரியும். பதினேழாம் நாள் பேச்சியம்மா ஸ்டோர் சாவியை என் மடியில் வைத்தாள். "எல்லாம் எடுத்தாச்சு ஆத்தா, பிஞ்சுல கை வைக்கல" என்றாள். அந்த ஒரு சுற்றுக் காயில்தான் உன் படிப்பு நின்று போகாமல் ஓடியது.

வறட்சிக்கு அடுத்த பருவம். செத்த தோட்டங்கள் போக மிச்சம் இருந்த காய்க்கு ஏலத்தில் நல்ல விலை. நான் புது ஜீப் வாங்கினேன், வீட்டுக்கு மொசைக் தரை போட்டேன். அந்த வருஷம் மழையும் சேர்த்து வைத்துப் பெய்தது. பத்து மணிக்கு மழை வலுத்தால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலி இல்லை என்பது நம் வழக்கம். ஒருநாள் காலை ஜீப் ஸ்டாண்டில் பெண்கள் வண்டியில் ஏறாமல் நின்றார்கள். பேச்சியம்மாதான் பேசினாள்.

"மழைய நாங்களா ஆத்தா பெய்யச் சொன்னோம்? அஞ்சு மணிக்குப் பிள்ளைகளுக்குக் கஞ்சிய ஊத்தி மூடி வச்சிட்டு வர்றோம். நனஞ்சு திரும்பிப் போறதுக்கு அரைக் கூலியாச்சும் குடுங்க. புது வண்டி வந்திருக்கு, புதுத் தரை வந்திருக்கு, எங்களுக்கும் எதாச்சும் வரட்டுமே."

இவ்வளவுதான் கேட்டாள். மேலே நிரம்பினால் கீழே இறங்கும் என்று நீ எழுதியதை அவள் படித்ததில்லை, ஆனால் நிரம்பியதைக் கண்ணால் பார்த்தாள், இறங்குமா என்று கேட்டாள். எனக்கோ வேறொரு கடிதம் நினைவுக்கு வந்தது. அங்கே விமானங்களுக்கு வழி சொல்லும் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜனாதிபதி இரண்டு நாள் கெடு கொடுத்தார், திரும்பி வராத ஆயிரக்கணக்கான பேரை ஒரே அடியாக நீக்கிவிட்டார், இனி அந்த வேலைக்கே வர முடியாதபடி செய்தார் என்று நீ ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாய். "அதுதான் தலைமை" என்று அடிக்கோடு போட்டிருந்தாய். ஜீப் ஸ்டாண்டில், டீக்கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தத் தலைமையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். "ரெண்டு நாள் தர்றேன். மூணாம் நாள் வண்டியில ஏறாதவ இனி நம்ம மலைப் பக்கமே வர வேணாம்" என்றேன். கெடுவின் கணக்குகூட என்னுடையது இல்லை, பார்த்துக்கொள். மூன்றாம் நாள் யாரும் ஏறவில்லை. அந்த வருஷம்தான் உங்கள் ஜனாதிபதி இரண்டாம் முறை ஜெயித்தார். ரேடியோவில் கேட்டபோது நானே ஜெயித்த மாதிரி இருந்தது.

ஒரு புரோக்கர் வெளியூரிலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்தார். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அவர்கள் ஏலச்செடியையே அன்றுதான் பார்த்தார்கள். நிரை என்றால் என்ன என்று தெரியாது. சரத்தைப் பிடித்து ஒரே உருவாக உருவினார்கள். பழம், காய், பிஞ்சு, பூ எல்லாம் கூடைக்கு வந்தது. கூடை நிரம்பியதைப் பார்த்து, இத்தனை வருஷம் அந்தப் பெண்கள் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். உலர்த்தி எடுத்தால் பாதி சருகு. ஏலத்தில் உன் அப்பா காலத்திலிருந்து நம் காயை வாங்குகிறவர் ஒரு கை அள்ளி, நசுக்கிப் பார்த்து, மறுபடி தட்டிலேயே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த சுற்றுக்குச் செடியில் எடுப்பதற்கே ஒன்றும் இல்லை.

நஷ்டம் நமக்கு என்றால் அதை இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். நான் செய்த வேறொன்று இருக்கிறது. உன்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. உங்கள் ஜனாதிபதி வாழ்நாள் தடை போட்டார் இல்லையா, அதையும் நான் விட்டுவைக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேருக்குச் சொல்லியனுப்பினேன்: மற்றவர்களை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சியை எடுக்காதீர்கள், எடுத்தால் நாளைக்கு உங்கள் வண்டியையும் நிறுத்துவாள் என்று. அவர்கள் எடுக்கவில்லை. நாலு மாதம் கழித்து, நம் மகசூல் பாழான பிறகு, புத்தி வந்து ஜீப்பில் ராசிங்காபுரத்துக்கு அவள் வீட்டுக்குப் போனேன். கடலைக்காட்டில் களை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். "வாங்க ஆத்தா" என்று பாயை விரித்தாள், காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அவள் மகள் பாண்டீஸ்வரி எங்கே என்று பேச்சுக்குக் கேட்டேன். நீ அமெரிக்கா போகும்போது உன் ஜாமெட்ரி பாக்ஸை அவளுக்குத்தானே கொடுத்துவிட்டுப் போனாய்.

"அவளத் தேவாரத்துல கட்டிக் குடுத்தாச்சு ஆத்தா. பத்தாவது பாதியில நின்னுட்டா. என்னய மலையில யாரும் எடுக்கல, நெசந்தேன், எதுக்குன்னு தெரியல. வீட்டுல வச்சு எத்தன நாளு சோறு போடுறது?"

அவளுக்கு எதற்கு என்று தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். கையில் எடுத்த காப்பியை அப்படியே கீழே வைத்தேன். வேலைக்கு வா என்று கேட்டேன். அரைக் கூலி தருகிறேன் என்றேன். "அவளுகளக் கூப்பிடுங்க, வருவாளுக. நான் வரல" என்றாள். மற்றவர்கள் வந்தார்கள். மழைக்கு அரைக் கூலி இன்றுவரை நம் தோட்டத்தில் நடக்கிறது. பேச்சியம்மா வரவில்லை. அவள் நிரையை இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறேன்.

நீ என்ன பதில் எழுதுவாய் என்று தெரியும். விலைவாசி இறங்கியது, வேலை பெருகியது, நாடு நிமிர்ந்தது என்பாய். இல்லை என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஆனால் நீ முதல் வருஷம் தங்கியிருந்த வீட்டுக்காரரைப் பற்றி எழுதினாயே, இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர், அவர் மனைவி உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி மாதிரி ஏதோ வைத்துக் கொடுத்தார் என்று. ஆலையை மூடிவிட்டார்கள், அவர் நாள் முழுக்க வாசலில் காரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார் என்று அடுத்த வருஷம் எழுதினாய். அதற்கு அடுத்த வருஷம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு வரி. அதன்பிறகு அவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. நிமிர்ந்த நாட்டில் அவர் எங்கே நிற்கிறார், விசாரித்தாயா? கூலிக்காரனுக்குக் கை கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவான், முதலாளிக்குக் கை கொடுத்தால் உழைப்பான் என்று ஒரு மனிதர் எட்டு வருஷம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிக்கனம் பேசிய அதே வாயால் ராணுவத்துக்குக் கடன் வாங்கி இறைத்தார். இதை ஒரு படித்த தேசம் கை தட்டிக் கேட்டது. நானும் கை தட்டினேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் செய்தது அவரோடு போகட்டும். அவர் எனக்கும் உனக்கும் செய்தது, இரக்கம் வருகிற இடத்தில் வெட்கப்பட வேண்டும் என்று கற்றுக் கொடுத்தது. அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

வேலையை உதறிவிட்டு வா என்று சொல்லவில்லை. நீ எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதுவான் என்பாய், அது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் நாற்பத்து மூன்று என்று யார் சொன்னது, ஏன் இருபது இல்லை, மேலே இருக்கிறவர்களின் தனி அறைகளில் ஒன்றுகூடக் குறையாதா என்று அந்த மேஜையில் உட்கார்ந்து கேட்க உனக்கு வாய் இருக்கிறது. ஜீப் ஸ்டாண்டில் பேச்சியம்மாவுக்கு இருந்த தைரியத்தில் பாதி போதும். கேட்டால் உன் அறை போகும் என்றால் போகட்டும். கல்யாணத்தைச் சின்னதாக நடத்திக்கொள்வோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பனியில் அந்த இருமல் மறுபடி வந்ததா? எனக்கு முழங்கால் வலி தவிர வேறொன்றும் இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, உறையில் போடுமுன், இன்று காலை பஸ்ஸில் ராசிங்காபுரம் போனேன். இது பேச்சியம்மாவின் கதை, அவளைக் கேட்காமல் அனுப்புவது சரியில்லை என்று பட்டது. முழுவதும் படித்துக் காட்டினேன், நான் சொல்லியனுப்பிய அந்த மூன்று தோட்டக்காரர் விஷயம் உட்பட. முடித்த பிறகு கேட்டாள்.

"அன்னிக்குக் காப்பிய அப்பிடியே வச்சிட்டுப் போனீகளே, எங்க வீட்டுக் காப்பிங்கவும்தேன் குடிக்கலையோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் இத்தன வருசமா."

"இல்ல பேச்சி. பாண்டீஸ்வரி சேதியக் கேட்டதும் தொண்டையில எறங்கல."

அவள் கையிலிருந்த முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு, "தம்பிக்கு நான் ஒண்ணு சொல்றேன், எழுதுவீகளா?" என்றாள். எழுதுகிறேன் என்றேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

"அந்த நாப்பத்து மூணு பேரு வீட்டுக்கும் ஒரு தடவ போயி உக்காந்துட்டு வரச் சொல்லுங்க. பேரு எழுதுறதுக்கு முன்னாடியே போகச் சொல்லுங்க. எழுதிப்புட்டுப் போனா, குடுக்கற காப்பியத் தம்பியாலயும் குடிக்க முடியாது."